ஊர்க்கூட்டத்தில் சொல்லாத பெயர்

புற்றுநோய் அறுவைப் பிரிவுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "மேடம், நீங்க முதல்ல செஞ்ச கேன்சர் ஆபரேஷன் எது?" சென்னையில் செய்த ஏதோ ஒன்றைச் சொல்லி நகர்ந்துவிடுவேன். ஆனால் என்னை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்து சேர்த்தது நான் செய்ய மறுத்த ஓர் ஆபரேஷன். ஓய்வு பெற்ற பிறகாவது அதை உங்களுக்கு முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

அறுபதுகளின் தொடக்கம். எம்.பி.பி.எஸ். முடித்து, ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியில் அறுவைப் பிரிவில் கொஞ்ச காலம் கைப்பழக்கம் பெற்ற என்னை ஜவ்வாது மலைமேல் இருந்த அரசு மருந்தகம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். திருப்பத்தூர்ப் பக்கம் கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. கல்யாணம் ஆகாத பெண்ணை மலைக்கு அனுப்புவதா என்று அம்மா அழுதாள். நான் பெட்டியைக் கட்டினேன்.

ஓடு போட்ட இரண்டு அறை. ஒன்றில் நோயாளிகளைப் பார்ப்பேன், மற்றதில் குடியிருந்தேன். துணைக்கு ஒரு கம்பவுண்டர், காதர் பாய். வாணியம்பாடிக்காரர். அவர் அண்ணன் தம்பிகள் எல்லாரும் தோல் வியாபாரத்தில் இருக்க, இவர் மட்டும் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்திருந்தார். மாதம் ஒருமுறை குடும்பத்தைப் பார்க்க இறங்கிப் போவார். அந்த நாட்களில் மருந்தகத்தில் நான் மட்டும்தான்.

தனிமை என்றால் பேச்சுத் துணை இல்லாததை நினைப்பீர்கள். பேச ஆட்கள் இருந்தார்கள். மலை ஜனங்கள் கூச்சம் இல்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்து, என்னை நீ என்று அழைத்து, உனக்கு ஏன் புருஷன் இல்லை என்று கேட்பார்கள். என் தனிமை வேறு மாதிரியானது. ஒருவரின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து இது இன்ன நோய் என்று நினைப்பேன். நினைத்தது சரியா தப்பா என்று சொல்ல அந்த மலையில் ஓர் ஆள் கிடையாது. மாலையில் அடுப்பின் முன் உட்கார்ந்து, எதிரே பேராசிரியர் நிற்பதாகப் பாவித்து, அன்று பார்த்த நோயாளியைப் பற்றி ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். ஒருமுறை அதைக் கேட்டுவிட்ட காதர் பாய் வாசலில் நின்று, "ஜெபம் பண்றீங்களாம்மா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளச்சி என்ற பெண் என்னிடம் வந்தது காலில் முள் குத்தி சீழ் வைத்ததற்காக. நாற்பது வயதை ஒட்டியவள். சுற்றியிருந்த துணியைப் பிரித்துச் சுத்தம் செய்தபோது அவள் வலியில் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்திருக்க வேண்டும். வலது கையால் மட்டும் பிடித்தாள். இடது கை உடம்போடு ஒட்டியே இருந்தது. காதர் பாயை வெளியே அனுப்பிவிட்டு, கையைத் தூக்கச் சொன்னேன். தூக்கவில்லை. நானே மாராப்பை விலக்கினேன்.

இடது மார்பில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி. கல்லைத் தொட்டதுபோல் இருந்தது. மேல்தோல் இன்னும் உடையவில்லை. அக்குளில் சின்னதாக ஒன்று விரலில் தட்டுப்பட்டது.

"எத்தனை நாளா இருக்கு?"

"போன சாமை அறுப்புக்கு மின்னாடியே கீது."

"யார்கிட்டயாவது காட்டினியா?"

"எவளுக்கும் காட்டல. ஒனக்கும் நான் காட்டல, நீயா பாத்துட்ட." பிறகு கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு சொன்னாள். "எங்க அக்காளுக்கும் இதான். புத்து. மாரு வெடிச்சி நாத்தம் வந்திச்சி. ஊருக்கு ஆவாதுன்னு ஊருக்கு வெளிய கொல்லமேட்டுல குடிசை போட்டு வெச்சிட்டாங்க. நான்தான் களி எடுத்துனு போயி வாசல்ல வெப்பேன். உள்ள போவ வுட மாட்டாங்க. ஒரு நாளு போனா, மொத நாளு வெச்ச களி அப்படியே கீது."

நான் அவள் மாராப்பைச் சரிசெய்துவிட்டேன்.

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் மார்பை எடுத்துவிட்டால் பிழைக்க வழி இருக்கிறது என்று சொன்னேன். அவள் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை.

"எம் புருசனுக்குத் தெரியக் கூடாது. ஊருக்குத் தெரியக் கூடாது. சாமி மேல சத்தியம் பண்ணு."

"எங்க சாமி மேலயா, உங்க சாமி மேலயா?"

"எந்தச் சாமிக்கு நீ பயப்படுவியோ அது மேல."

சத்தியம் செய்தேன்.

கால் புண் ஆறுகிறவரை வந்து போனாள். கடைசித் தடவை காதர் பாய் எதிரிலேயே பேச்சை எடுத்தாள். அவரை ஆஸ்பத்திரியின் ஒரு பகுதி என்று முடிவு செய்துவிட்டாள் போலிருக்கிறது.

"கத்தி கீது இல்ல? மயக்க மருந்து கீது இல்ல? இங்கியே அறுத்துடு. கீழ போனா தங்கணும். எங்க ஊருல கீழ தங்கினு வந்த பொம்பளைய கூட்டத்துல நிக்க வெச்சிக் கேப்பாங்க."

அவள் போன பிறகு காதர் பாய் உற்சாகமாகிவிட்டார். "மயக்கத்துக்கு ஈத்தர் நான் குடுக்கறேம்மா. பட்டாளத்துல கூடாரத்துக்குள்ள கால எடுத்திருக்கோம், கைய எடுத்திருக்கோம். இது இன்னா பெரிய விஷயம்? நீங்க தைரியமா பண்ணுங்க. அல்லா பாத்துக்குவான்."

எனக்கும் ஆசை வந்தது. கையில் கத்தி பிடித்துப் பழகிவிட்டு மாதக்கணக்கில் சிரங்குக்குக் களிம்பு தடவிக்கொண்டிருப்பவருக்கு வருகிற ஆசை அது. பயிற்சியின்போது இந்த ஆபரேஷனைப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தேன். புத்தகத்தை எடுத்து அந்த அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். படிக்கப் படிக்க முடியும் என்றே தோன்றியது. மனம் ஒவ்வொரு காரணமாக அடுக்கிக்கொண்டே வந்தது. அவளே கேட்கிறாள். கீழே போகமாட்டாள். விட்டால் அக்காளைப் போலச் சாவாள். இப்படி அடுக்கிக்கொண்டு வந்த மனம் கடைசியில் இன்னொன்றையும் எடுத்து வைத்தது. தவறிப் போனாலும் இங்கே கேட்பாரில்லை.

அதைக் கண்டதும் புத்தகத்தை மூடிவிட்டேன். பிள்ளைகளே, ஓர் அறுவையைச் செய்யலாமா என்று யோசிக்கும்போது ஆயிரம் நல்ல காரணங்கள் வரும். அவற்றுக்கு நடுவே இந்த ஒன்று தலைகாட்டினால், மற்ற எல்லாவற்றையும் மறுபடி சந்தேகியுங்கள்.

அடுத்த முறை வந்தபோது மாட்டேன் என்று சொன்னேன்.

"தெரியாதா ஒனக்கு?"

"பாத்திருக்கேன். செஞ்சதில்லை. நிறைய ரத்தம் போகும். ஏத்துறதுக்கு இங்க ரத்தம் இல்லை."

"போனா போவுது. எம் ரத்தம்தானே?"

"வெள்ளச்சி, நீ இந்தப் பலகை மேலயே செத்துடுவ."

"அக்கா மாரி சாவறதுக்கு இது தேவல." மாராப்பை இழுத்துச் செருகினாள். "நீ டாக்டருன்னு நெனச்சேன்."

அதோடு வருவதை நிறுத்திவிட்டாள். அவள் மட்டுமில்லை, அவள் குக்கிராமத்திலிருந்தே யாரும் வரவில்லை. அவள் ஏதாவது சொன்னாளோ, தற்செயலோ, தெரியாது. வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு கட்டி வளர்வதை மலையில் அவளும் நானும் காதர் பாயும் மட்டுமே அறிவோம். அவளோ என் முகத்தைப் பார்க்க மறுக்கிறாள்.

நானே அவள் ஊருக்கு நடந்தேன். கால் புண்ணைப் பார்க்க வந்தேன் என்று சாக்குச் சொன்னேன். ஆறிப்போன காலைப் பார்க்க டாக்டர் எதற்கு மெனக்கெட்டு நடந்து வருகிறாள் என்று பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். வெள்ளச்சி சாமை குத்திக்கொண்டிருந்தாள். உலக்கையை நிறுத்தவில்லை. மறுபடி போனேன். அதற்குப் பிறகும் போனேன். ஒருநாள் ஓடையில் தண்ணீர் மொள்ளும் இடத்தில் அவளாகவே வாயைத் திறந்தாள்.

"வெடிக்கறதுக்கு மின்னாடி இன்னும் எவ்ளோ நாளு?"

"தெரியாது. ரொம்ப நாள் இல்லை."

குடத்தை இறக்கி வைத்தாள். "எங்க ஊட்டுக்காரருகிட்ட கேளு. நோவுன்னு சொல்லு. இன்னா நோவு, எங்க நோவுன்னு சொல்லாத."

அவள் கணவன் சின்னாண்டி அதிகம் பேசாத மனிதன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் மனைவி இருந்த பக்கமே பார்த்தான். "எங்கையில இன்னா கீது டாக்டரம்மா? ஊருதான் சொல்லணும்" என்றான்.

அப்படித்தான் அந்தக் கூட்டம் நடந்தது. கோயில் முன்னால் ஆண்கள் உட்கார்ந்தார்கள், பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். வெள்ளச்சியும் அவர்களில் ஒருத்தியாக நின்றாள். ஊர்க்கவுண்டர் வயதானவர். முரடர் என்று சொல்ல முடியாது. எனக்கு முதலில் உட்காரப் பலகை போடச் சொன்னவர் அவர்தான்.

"டாக்டரம்மா, ஒன் மேல எங்களுக்குக் கோவம் இல்ல. சந்தன மரம் வெட்ட வந்தவனுங்க கீழ வேலை கீதுன்னு ரெண்டு பொண்ணுங்கள இட்டுனு போனானுங்க. இன்னிக்கி வரைக்கும் வர்ல. அவங்க அப்பன் இதோ குந்தினு கீறான். எந்த மொகத்தோட நான் இன்னொருத்திய அனுப்பறது? இன்னா நோவு, சொல்லு."

"கீழ கொண்டு போய்ப் பாக்க வேண்டிய நோவு."

"பேரு இல்லியா அதுக்கு?"

"இருக்கு."

"சொல்லேன். ஞாயமா இருந்தா நானே டோலி கட்டி அனுப்பறேன்."

ஒரே ஒரு சொல். சொன்னால் அனுப்பிவிடுவார்கள், உயிர் பிழைப்பாள். சொல்லாவிட்டால் இங்கேயே இருந்து சாவாள். அவள் உயிரைவிடவா நான் கொடுத்த வாக்கு பெரிது? பெண்கள் பக்கம் பார்த்தேன். வெள்ளச்சி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல் என்றும் இல்லை, சொல்லாதே என்றும் இல்லை. அந்தப் பார்வையில் என்னால் எதையும் படிக்க முடியவில்லை.

"அது அவங்க நோவு" என்றேன். "சொல்றதா இருந்தா அவங்கதான் சொல்லணும்."

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. அவள் வாய் திறக்கவில்லை. கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "பேரு இல்லாத நோவுக்கு ஊரு ஆள அனுப்பாது."

கூட்டத்துக்குக் காதர் பாயும் என்னோடு வந்திருந்தார். மருந்தகத்துக்கு வந்த பிறகு, "ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு உசுரு பொழைச்சிருக்கும்மா. உங்க படிப்புல இதுதான் சொல்லிக் குடுத்தாங்களா?" என்று கேட்டார்.

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. மேகம் இறங்கினால் எதிரில் இருக்கிற நாவல் மரம்கூடத் தெரியாது. காதர் பாய் ஊருக்குப் போனார். நோயாளிகளும் இல்லை. நான் செய்தது சரிதானா என்று கேட்க ஒருவருமில்லை. மாலையில் அடுப்பின் முன் உட்கார்ந்து பேராசிரியரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். அவரும் வரவில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனையோ மரணங்களைப் பார்த்தாயிற்று. அந்த மழையைப் போல எதுவும் என்னை அழுத்தியதில்லை.

ஒருநாள் காலை மழை விட்டிருந்தது. வாசலில் யாரோ செருமினார்கள். வெள்ளச்சி நின்றிருந்தாள். கையில் துணி மூட்டை.

"வா போலாம்" என்றாள்.

"ஊர்ல?"

"ஊரு தள்ளி வெக்கட்டும். பொணமான அப்பால யாரு தள்ளி வெச்சா இன்னா?"

காதர் பாய் வருவதற்குக் காத்திருக்கவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். மேலிடத்தில் அனுமதி வாங்காமல் பணியிடத்தை விட்டுப் போனதற்கு அப்புறம் விளக்கம் கேட்டார்கள். அது வேறு விஷயம். ஒடுகத்தூருக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் அவள் முன்னால் நடந்தாள். ஈரப் பாறையில் நான் வழுக்கும்போதெல்லாம் திரும்பி வலது கையைக் கொடுத்தாள். நோயாளி யார் டாக்டர் யார் என்று பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்காது.

பாதி வழியில் உட்கார்ந்தபோது கேட்டுவிட்டேன். "நான் அன்னிக்கு சொல்லியிருந்தா உன்னை டோலியில அனுப்பியிருப்பாங்களே. என் மேல கோவம் இல்லியா?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "எங்க அக்காளுக்கும் டோலி கட்டறேன்னுதான் சொன்னாங்க. புத்துன்னு நீ சொல்லியிருந்தா அன்னிக்கு சாய்ங்காலமே கொல்லமேட்டுல குடிசை ஏறியிருக்கும்." கொஞ்சம் பொறுத்து, "நீ சொல்லிடுவன்னுதான் நெனச்சினு இருந்தேன். சொல்லல. அப்பதான் ஒங்கூட வரலாம்னு தோணிச்சி" என்றாள்.

நான் சரியாகத்தான் கணித்தேன் என்று இதை வைத்துச் சொல்லிக்கொள்ள மாட்டேன். அவள் வராமலே இருந்திருக்கலாம். அப்போதும் என் பதில் அதுவாகத்தான் இருந்திருக்கும், ஆனால் அந்த மழை என்னை விட்டு இன்றுவரை போயிருக்காது. நோயாளி நம்மிடம் சொன்னது நம் சொத்தாகிவிடாது. அவருடைய நன்மைக்காகவே என்றாலும் எடுத்துச் செலவழிக்க நமக்கு உரிமை கிடையாது. இதை நீங்கள் வகுப்பில் படித்திருப்பீர்கள். ஊரே உட்கார்ந்து உங்கள் வாயைப் பார்க்கும்போதுதான் அதன் எடை தெரியும்.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்தேன். அங்கிருந்த தலைமை அறுவை மருத்துவர் சிக்கனமாகப் பேசுகிறவர். பெயர் வேண்டாம். அவளைப் பரிசோதித்துவிட்டு என்னைப் பார்த்து, "நீயும் வா, கை கழுவு" என்றார். அவ்வளவுதான்.

அறுவையில் அவர் அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு கணு பெரிய ரத்தச் சிரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தபோது சிரை கிழிந்தது. குழி முழுக்க ரத்தம் நிறைந்து எதுவும் தெரியாமல் போயிற்று. மயக்க மருந்து கொடுத்தவர் நாடி இறங்குகிறது என்றார். நர்ஸ் இடுக்கியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. பஞ்சுத் துணியை வைத்து, என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் அழுத்திவிட்டு, "எடுக்காதே" என்றார். பிறகு எல்லாரையும் பார்த்து, "யாரும் ஒன்றும் செய்ய வேண்டாம். ரத்தப் புட்டி வரட்டும்" என்றார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

என் விரலுக்குக் கீழே அவள் உயிர் துடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் குருட்டாம்போக்கில் இடுக்கியைப் போட்டிருந்தால் சிரை முழுதாகக் கிழிந்திருக்கும். இதைப் புத்தகம் சொல்லவில்லை. ரத்தப் புட்டி வந்து சேர்ந்து, நாடி ஏறிய பிறகுதான் அவர் என் விரலை மெல்ல நகர்த்தச் சொல்லித் தையல் போட்டார்.

வெளியே குழாயடியில் கை கழுவும்போது கேட்டார். "அந்த அம்மா மலையிலேயே உன்னை அறுக்கச் சொன்னாளாமே?"

"ஆமாம் சார்."

நான் சிரையை அழுத்திய விரலையே தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் எனக்காகக் குழாயை மூடாமல் விட்டுவிட்டுப் போனார்.

புண் ஆறி, அவளை அழைத்துக்கொண்டு மலை ஏறினேன். ஊர் எல்லையிலேயே ஆட்கள் நின்றிருந்தார்கள். அவளைத் தள்ளி வைத்தாயிற்று, நெருப்பும் தண்ணீரும் கிடையாது என்று கவுண்டர் சொன்னார். அவருக்கும் என் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. சின்னாண்டி கூட்டத்தின் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். வெள்ளச்சி அழுவாள் என்று நினைத்தேன். "ஆசுபத்திரி பின்னால எடம் கீதா?" என்று கேட்டாள்.

காதர் பாய்தான் குடிசை போட்டுக் கொடுத்தார். எங்கள் மூவரில் யாரும் அந்தக் கூட்டத்தைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். இடது கையைச் சுவரில் வைத்து விரல்களால் நடத்தி மேலே ஏற்றப் பழக்கினேன். பல்லைக் கடித்துக்கொண்டு செய்வாள். மாலையில் என் அடுப்படியில் வந்து உட்காருவாள். நான் வழக்கம்போல் ஆங்கிலத்தில் முனகினால், "இன்னா சொல்ற? எனக்கும் சொல்லு" என்பாள். நோயைப் பற்றித் தமிழில் பேசக் கற்றுக்கொண்டது அங்கேதான். அவளுக்குப் புரிகிறமாதிரி சொல்ல முடியவில்லை என்றால் எனக்கே அது சரியாகப் புரியவில்லை என்று அர்த்தம்.

அவ்வப்போது சின்னாண்டி வருவான். சாமை மூட்டையை மருந்தகத் தாழ்வாரத்தில் இறக்கிவிட்டு, குடிசைப் பக்கம் பார்க்காமலே நிற்பான்.

"நான் இங்க வர்ல டாக்டரம்மா."

"சரி. நீ வரலை."

"கை தூக்கறாளா?"

"தோள் வரைக்கும் தூக்கறா."

தலையை ஆட்டிவிட்டுப் போவான். அவன் உருவம் மறைகிறவரை வெள்ளச்சி குடிசைத் தட்டியின் சந்து வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். கூப்பிடமாட்டாள். தண்டம் கட்டி, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டால் சேர்த்துக்கொள்கிறோம் என்று ஊர் சொல்லி அனுப்பியது. "நான் இன்னா தப்பு பண்ணேன்?" என்று கேட்டனுப்பினாள். பதில் வரவில்லை.

சென்னையில் புற்றுநோய் அறுவையில் மேல்பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்தது. கேட்டது நான்தான், கிடைத்த பிறகு போக மனம் வரவில்லை. இவளைத் தனியாக விட்டு எப்படிப் போவது? ஒவ்வொரு நாளாகத் தள்ளினேன். காதர் பாய் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. அவளே வந்து கேட்டாள்.

"போவலியா நீ?"

"உன்னை யார் பாத்துப்பாங்க?"

"என்னை வெட்டினது நீயா? நான் கேட்டேன், தெரியாதுன்ன. அடுத்தவ வந்து கேட்டாலும் தெரியாதுன்னே சொல்லினு இருப்பியா?" சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "போய்க் கத்துக்க. எனக்கு ஒண்ணும் இல்ல. தனியா இருந்து பழக்கம்தான்."

மறுவாரம் இறங்கிவிட்டேன். வழியனுப்ப அவள் வரவில்லை.

சில வருஷங்களில் நான் சென்னையில் புற்றுநோய்ப் பிரிவொன்றில் அறுவை மருத்துவராகிவிட்டேன். ஒருநாள் வெளிநோயாளிகள் வரிசையில் சின்னாண்டி நிற்பதைப் பார்த்தேன். பின்னால் தள்ளுவண்டியில் வெள்ளச்சி. நோய் முதுகெலும்புக்கு வந்துவிட்டது. கால் அசையவில்லை. வலியில் உதடு கடிபட்டுப் புண்ணாகியிருந்தது. அந்த நிலையிலும் என் காதோர நரையைப் பார்த்து, "கெழவி ஆயிட்டியே" என்றாள்.

சின்னாண்டி சொன்னான். நான் இறங்கிப் போன பிறகு ஒருநாள் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு அவன் அவள் குடிசைக்கே வந்துவிட்டான். இருவரையும் சேர்த்துத் தள்ளி வைத்தது ஊர். ஏர் ஓட்ட, அறுக்க ஆள் வேண்டியிருந்தபோது ஊரார் மெல்லப் பேச ஆரம்பித்தார்கள். தண்டம் என்ற சொல்லை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. இப்போது ஒடுகத்தூர்வரை டோலி தூக்கியது அந்த ஊர் ஆட்கள்தான். ஊர்க்கவுண்டர் தள்ளாத வயதிலும் பாதை காட்டிக்கொண்டு முன்னால் வந்தாராம்.

அறுக்க ஒன்றுமில்லை. முதுகுக்குக் கதிர்வீச்சு கொடுத்தோம். வலி நன்றாக அடங்கியது, தூங்கினாள். கால் திரும்பவில்லை. சில வாரங்கள் கழித்து மலைக்கே போய்விட வேண்டும் என்றாள். நானும் தடுக்கவில்லை.

கிளம்புவதற்கு முதல் நாள், சின்னாண்டி டீ வாங்கப் போயிருந்தபோது என் கையைப் பிடித்து இழுத்தாள். "இன்னும் எவ்ளோ நாளுன்னு சொல்லு. எனக்கு மட்டும் சொல்லு. அவருக்கு வாணாம், தாங்க மாட்டாரு."

சொன்னேன். கேட்டுக்கொண்டு, சரி என்பதுபோல் என் கையைத் தட்டினாள்.

மறுநாள் காலை சென்ட்ரல் ஸ்டேஷனில் அவளை ரயில் பலகையில் படுக்க வைத்துவிட்டு சின்னாண்டி என்னோடு கீழே இறங்கினான். ரயில் கிளம்பக் கொஞ்ச நேரம் இருந்தது. ஜன்னலுக்கு எட்டாத தூரம் நடந்து வந்து நின்றான்.

"இன்னும் எவ்ளோ நாளு டாக்டரம்மா? எங்கிட்ட சொல்லிடு. அவளுக்கு மட்டும் தெரிய வாணாம்."

அவனுக்கும் சொன்னேன். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, சிரித்தமாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே ஏறினான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவன் ஏதோ சொன்னான், அவள் சிரித்தாள். ரயில் நகர்ந்தது. இருவருக்கும் தெரியும். இருவரும் மற்றவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு போனார்கள். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஸ்டேஷனிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தேன். அன்று ஒரு மார்பு அறுவை இருந்தது. அக்குளில் சிரைக்குப் பக்கத்தில் கை வைக்கும்வரை நான் வாயே திறக்கவில்லை. எதிரில் உதவிக்கு நின்ற இளம் டாக்டர் பயந்துபோய், "மேடம், நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா? காலையிலிருந்து பேசவே இல்லையே?" என்று கேட்டான்.

"விளக்கைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு" என்று மட்டும் சொன்னேன்.

அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் இவ்வளவு நீளம். அவர்கள் இருவரும் இப்போது இல்லை என்பதால் உங்களுக்குச் சொல்ல முடிகிறது.